நோர்வேயிலிருந்து கப்பலேறிய மூதாதையைக் காணவில்லை: எந்த இடத்தில் சிக்கியிருக்கிறீர்கள்?

என் மருமகள் மினசோட்டாக்காரி. கலியாணம் முடிந்து முதல் தடவை பேர்கனில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கைப்பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். புல் மண்டிய ஒரு கல்லறை. ஒரு பெயர், இரண்டு ஆண்டுகள், கீழே ‘நோர்வேயில் பிறந்தவர்’ என்று ஒரு வரி. அவளுடைய பூட்டனின் தகப்பனாம். "மாமா" என்பதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு மிச்சத்தை ஆங்கிலத்தில் கேட்டாள்: நீங்கள் நாற்பது வருடமாக இங்கே இருக்கிறீர்கள், இந்த ஆள் எந்த ஊர் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

ஒரு பின்னேர வேலை என்று நினைத்தேன். இரண்டு குளிர்காலம் எடுத்தது.

1825 ஜூலையில் ஸ்தவாங்கரிலிருந்து ‘ரெஸ்தவ்ராஷூனென்’ என்ற சிறு பாய்க்கப்பல் 52 பேருடன் நியூயோர்க்குக்குப் புறப்பட்டது. அதற்குப் பின் நூறு வருடத்தில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அந்த வழியில் போனார்கள். 1865 இல் முழு நாட்டின் சனத்தொகையே 17 இலட்சம். அதனால் அமெரிக்காவில் தேடுகிறவர்கள் ஏராளம். நல்ல காலம், பதிவேடுகளும் ஏராளம். நோர்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்க்கிவெ தளத்தில் பெரும்பாலானவற்றைக் காசில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கீழே இருப்பவை நான் முட்டிய சுவர்கள். உங்கள் சுவர் எதுவோ அங்கே நேரே போங்கள். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் வாசிப்பது நல்லது. மற்ற எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான். பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடிக்க வேண்டும், விசயம் அவ்வளவுதான். அது எனக்குப் புரிய முதல் குளிர்காலம் முழுதும் போய்விட்டது.

பெயரைத் தேடினால் ஐந்நூறு பேர் வருகிறார்கள். அல்லது ஒருவருமே வருவதில்லை

இரண்டும் ஒரே நோய்தான். நீங்கள் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தேடுவது குடும்பப் பெயரே இல்லை.

நம் ஆட்களுக்கு இது உடனே விளங்கும். கந்தையாவின் மகன் முருகேசு, முருகேசுவின் மகன் செல்லத்துரை. தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்குக் கூட வரும், பிறகு கழன்றுவிடும். நோர்வேக் கிராமங்களிலும் இதே கதைதான். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் அவன் ஓலே ஹான்சென். அவன் தங்கை காரி என்றால் காரி ஹான்ஸ்தாத்தர், ஹான்ஸின் மகள். ஓலேக்கு மகன் பிறந்து ஹான்ஸ் என்று பெயரிட்டால் அவன் ஹான்ஸ் ஓல்சென். ஆளுக்கு நிலையான குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1923 இல்தான் வந்தது.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஓலே ஹான்சென் பாக்கென் என்றால் பாக்கென் அவன் குடியிருந்த பண்ணையின் பெயர், அதாவது முகவரி. அடுத்த வருடம் ஹவ்கென் என்ற பண்ணைக்குக் குடிபோனால் அவன் ஓலே ஹான்சென் ஹவ்கென். அதே ஆள்தான், பதிவேட்டில் வேறு பெயர்.

அமெரிக்காவில் இறங்கியதும் இந்த மூன்றில் ஒன்று உறைந்துவிடும். ஒருவன் தகப்பன் பெயரை வைத்துக்கொள்வான், அவனுடைய சொந்தத் தம்பி பண்ணைப் பெயரை வைத்துக்கொள்வான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது இன்னொன்றாக மாறும். எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் பெயரை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். அதை மறந்துவிடுங்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது, இறங்கிய இடத்தில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அவர்களேதான்.

செய்ய வேண்டியது: குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். முதற்பெயர், பிறந்த ஆண்டு முன்பின் இரண்டு வருடம், பங்கு (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி), இந்த மூன்றை மட்டும் கொடுங்கள். முதற்பெயரிலும் கவனம் தேவை. ஆண்டெர்ஸ் அங்கே ஆண்ட்ரூ ஆகியிருப்பான், லார்ஸ் லூயிஸ் ஆகியிருப்பான், காரி கேரி ஆகியிருப்பாள். குரி என்ற அழகான பெயர் ஜூலியா ஆனதைப் பார்த்து எனக்கு ஒருநாள் முழுதும் மனம் ஆறவில்லை. எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால் சந்தேகமான இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள், தளம் அதை ஏற்கும்.

பெண்ணைத் தேடுகிறீர்கள் என்றால் கணவனின் பெயரைத் தொடவே வேண்டாம். நோர்வேயில் கலியாணத்துக்குப் பிறகும் அவள் தன் தகப்பனின் மகளாகவே எழுதப்பட்டிருப்பாள்.

இன்னொரு கைவிளக்கு இருக்கிறது. ‘பேரன்’ என்ற சொல்லிலேயே பேர் இருக்கிறது அல்லவா, அந்த வழக்கம் இங்கேயும் உண்டு. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவரின் பெயர், மகள்களுக்குப் பாட்டிமார் பெயர். ஆகவே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளை வயது வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். நோர்வேயில் நீங்கள் தேட வேண்டிய தாத்தாக்களின் பெயர் அந்தத் தாளில் இருக்கும். ஒரு விதிவிலக்கு: முதல் மனைவி இறந்து மறுமணம் செய்தவருக்கு மகள் பிறந்தால், இறந்தவளின் பெயர் முந்திக்கொள்ளும். மனைவியை இழந்தவர் என்று தெரிந்தால் வரிசையை அப்படியே நம்ப வேண்டாம்.

ஊர்ப் பெயர் கையில் இருக்கிறது, வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை

முதலில், அது ஊர்தானா என்று பாருங்கள். கொழும்பில் யாராவது கேட்டால் வேலணைக்காரனும் ‘யாழ்ப்பாணம்’ என்றுதானே சொல்வான்? கிறிஸ்தியானியா (இன்றைய ஒஸ்லோ), பேர்கன், துரொண்ட்ஹைம் என்று அமெரிக்கப் பத்திரத்தில் இருந்தால் அது பெரும்பாலும் பக்கத்துப் பட்டணம், அல்லது கப்பலேறிய துறைமுகம். பிறந்த ஊர் அதற்குப் பின்னால் எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும்.

அடுத்தது மாகாணப் பெயர். 1919 வரை இருந்த பெயர்கள் வேறு. நோர்த்ரே பேர்கன்ஹூஸ் என்றால் பிற்கால சொக்ன் ஓ ஃபியூர்தானெ. கிறிஸ்தியான்ஸ் என்றால் ஒப்லாந்து. பிராத்ஸ்பேர்க் என்றால் தெலெமார்க். ஸ்மோலெனெனெ என்றால் ஒஸ்ட்ஃபோல். அதற்குப் பிறகு 2020 இல் மாகாணங்களை இணைத்தார்கள், 2024 இல் சிலதைத் திரும்பப் பிரித்தார்கள். பத்து வருடப் பழைய உதவிக்குறிப்புகூட இன்றைய வரைபடத்தோடு ஒத்துவராது. தலைநகரம்கூட 1925 இல்தான் ஒஸ்லோ ஆனது.

மூன்றாவது, எழுத்து. தலையில் வளையம் வைத்த ‘ஏ’ 1917 இல் வந்தது. அதற்கு முன் இரண்டு ‘ஏ’ போட்டு எழுதினார்கள். குறுக்குக் கோடு போட்ட ‘ஓ’வை அமெரிக்காவில் வெறும் ‘ஓ’ ஆக்கிவிடுவார்கள். நோர்வீஜிய அகரவரிசையில் இந்த விசேஷ எழுத்துகள் கடைசியில் வரும். சொல்லடைவில் முன்பக்கத்தைப் புரட்டிவிட்டு ‘இல்லை’ என்று மூடிவிடாதீர்கள், நான் மூடியிருக்கிறேன்.

நான்காவதுதான் அதிகம் நடப்பது: உங்கள் கையில் இருப்பது ஊர்ப் பெயரில்லை, பண்ணைப் பெயர். பாக்கென் என்றால் சரிவு, ஹவ்கென் என்றால் மேடு, நீகோர் என்றால் புதுப்பண்ணை. நம் பக்கத்தில் ‘புதுவளவு’, ‘மேட்டுக்காணி’ என்பது போல நாடு முழுக்க நிறைந்து கிடக்கின்றன. இதற்கு ஒரு அருமையான கருவி உண்டு. ஒலூஃப் ரீக் என்ற அறிஞர் தொகுத்த பண்ணைப் பெயர் அகராதி 1897 இலிருந்து பல தொகுதிகளாக வந்தது. இப்போது அதை இணையத்தில் தேடலாம். ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் பழைய எழுத்துக்கூட்டல்கள், எந்தப் பங்கு, 1886 நிலப்பதிவேட்டில் என்ன எண், எல்லாம் கிடைக்கும். பெயர் அரைகுறையாக இருந்தாலும் போடுங்கள். அந்தப் பெயரில் முப்பது பண்ணை வந்தாலும் பங்கு ஒன்று தெரிந்தால் முப்பதும் ஒன்றாகிவிடும்.

பண்ணைப் பெயரின் வாலில் ‘எய்யெ’ என்று ஒட்டியிருந்தால் நின்று கவனியுங்கள். அதற்கு ‘உடைமை’ என்று பொருள். பாக்கெனெய்யெ என்றால் பாக்கென் பண்ணைக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு குடிசை. அங்கே இருந்தவன் ஹூஸ்மன், நிலக்காரனுக்கு வேலை செய்து குடியிருப்பவன். பாக்கென் பண்ணைச் சொந்தக்காரரின் பரம்பரையை எடுத்து உங்கள் மரத்தில் ஒட்டிவிட்டால் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இல்லாத நிலத்தை எழுதிக்கொடுத்ததாகிவிடும். இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது.

பங்கு விசயத்தில் ஒரு சொல். ஒரு பெரிய பங்குக்குள் இரண்டு மூன்று உட்பங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயில். நடுவில் எல்லை பிரித்து வேறு பங்காக்கியும் இருப்பார்கள். பிள்ளை பிறந்த வருடத்தில் அந்தப் பண்ணை எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்பதுதான் கணக்கு.

சரி, கையில் ஊர்ப் பெயரே இல்லையா? அப்படியானால் நோர்வேத் தளத்தை மூடிவிட்டு அமெரிக்கப் பக்கம் திரும்புங்கள். அங்கே இருந்த நோர்வீஜிய லூத்தரன் சபைகளின் பதிவேடுகள்தான் முதல் இடம். அவற்றை நோர்வீஜிய மொழியில் எழுதினார்கள், பிறந்த பங்கையும் பல இடங்களில் குறித்திருக்கிறார்கள். எழுதிய போதகர் இந்த நாட்டு ஆள் என்பதால் எழுத்துக்கூட்டலும் சரியாக இருக்கும். பிறகு மரண அறிவித்தல்கள். அயோவாவில் 1874 இலிருந்து வந்த ‘டெகோரா போஸ்டென்’, சிக்காகோவில் வந்த ‘ஸ்கந்தினாவென்’ போன்ற நோர்வீஜியப் பத்திரிகைகளில் வந்தவை, ஊர் ஆங்கிலப் பத்திரிகையைவிட எவ்வளவோ மேல். குடியுரிமைப் பத்திரத்தில் 1906 செப்டெம்பருக்குப் பிந்தியதென்றால் பிறந்த இடம் இருக்கும். அதற்கு முந்தியதில் அநேகமாக நாட்டின் பெயர் மட்டும்தான்.

எல்லாப் பத்திரத்திலும் ‘சுவீடன்’ என்று இருக்கிறது

பயப்பட வேண்டாம். 1814 இலிருந்து 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர். குடியுரிமை கேட்டவர் ‘சுவீடன், நோர்வே அரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். எழுதிய குமாஸ்தா அவசரத்தில் முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டார். சபைப் பதிவேடு நோர்வீஜிய சபை என்றால் அதையே நம்புங்கள்.

ஒரே பெயர், ஒரே பங்கு, ஒரே வயது: இரண்டு பேர்

இங்கேதான் நான் விழுந்தேன். கல்லறையில் பிறந்த ஆண்டு 1847 என்று இருந்தது. பங்கைக் கண்டுபிடித்துவிட்டேன், சொக்ன் பகுதியில். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1846 இல் அதே பெயர், அதே தகப்பன் பெயர். சந்தோசத்தில் மருமகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன், பாட்டன் பூட்டன் என்று 1700 கள் வரை ஏறினேன். ஒருநாள் வேறொன்றைத் தேடி அடக்கப் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டும்போது அந்தப் பிள்ளை கண்ணில் பட்டது. வயது: ஐந்து வாரம்.

நான் தேட வேண்டியவன் 1848 இல் பிறந்தவன். அதே பண்ணைப் பெயர், வாலில் ‘எய்யெ’. ஒருவன் நிலக்காரனின் பிள்ளை, மற்றவன் அவன் நிலத்தில் குடியிருந்தவனின் பிள்ளை.

ஆகவே ஞானஸ்நானம் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அடுத்த ஐந்து வருட அடக்கப் பக்கங்களைப் பார்த்து அந்தப் பிள்ளை சாகவில்லை என்று உறுதி செய்வது. சலிப்பான வேலைதான். பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம் என்பதால் ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி ஏமாறலாம். இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே பெயர் என்றால் உயிரோடிருக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட ஒரே பெயர் இருக்கும்.

இரண்டு பேரும் உயிரோடு வளர்ந்தவர்கள் என்றால் திடப்படுத்தல் பதிவேட்டுக்குப் போங்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு அது. 1736 இலிருந்து அது கட்டாயம். பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதில் நடக்கும். 1800 களில் அந்தப் பக்கத்தில் பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், குடியிருந்த பண்ணை எல்லாம் வரும். கூடவே அம்மைப்பால் குத்திய தேதியும் வரும். 1810 இலிருந்து அம்மைப்பால் குத்திய சான்று இல்லாமல் திடப்படுத்தலோ கலியாணமோ கிடையாது. அதே அம்மைப்பால் தேதி பிற்பாடு கலியாணப் பதிவிலும் வந்தால் இருவரும் ஒரே ஆள். இரண்டு ஓலே ஹான்சென்களுக்கு ஒரே தகப்பன் பெயர் இருக்கலாம், ஒரே நாளில் ஊசி குத்தியிருப்பது அபூர்வம்.

இன்னும் சந்தேகமா? ஞானப்பெற்றோரைப் பாருங்கள். ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் ஐந்தாறு பெயர் இருக்கும், அநேகமாகத் தாய் தகப்பனின் சகோதரர்களும் அயல் பண்ணைக்காரர்களும். நிலக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஞானப்பெற்றோர் நிலக்காரர். குடிசைப் பிள்ளைக்குக் குடிசைக்காரர். அந்த ஐந்து பெயர்களையும் முதல் நாளே பார்த்திருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சம்.

பதிவேட்டைத் திறந்தால் எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது

கோதிக் கையெழுத்து. நோர்வீஜியருக்கே வாசிக்க வராது, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கோப்பி போடப் போய்விட்டார். ‘ஈ’ எழுத்து ‘என்’ போல இருக்கும். ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போல நிற்கும். ‘யு’வின் தலையில் ஒரு சிறு வளைவு போட்டிருப்பார்கள், ‘என்’னிலிருந்து பிரித்துக் காட்ட.

தெரியாத சொல்லோடு மல்லுக்கட்டாதீர்கள், தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். மாதப் பெயர்கள் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வரும். பண்ணைப் பெயர்களை ரீக் அகராதியிலிருந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பக்கத்தில் அவை தாமாகக் கண்ணில் படும். ஒரே போதகர் பத்துப் பதினைந்து வருடம் எழுதியிருப்பார். அவருடைய கையில் பத்துப் பக்கம் பழகினால் பதினோராவது பக்கம் பேசத் தொடங்கும்.

அதற்கும் முடியவில்லை என்றால் இன்னொரு பிரதியைத் தேடுங்கள். 1800 களின் தொடக்கத்திலிருந்து போதகர் ஒரு பதிவேடும் அவருக்கு உதவியாளரான கோயில் குட்டியார் இன்னொரு பதிவேடும் எழுதினார்கள், நெருப்புப் பிடித்தால் ஒன்றாவது தப்பட்டும் என்று. டிஜிட்டல்ஆர்க்கிவெயில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். குட்டியாரின் எழுத்து பல இடங்களில் போதகரின் எழுத்தைவிடத் தெளிவு.

1700 களில் தேதிக்குப் பதிலாக ‘திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு’ என்று இருக்கும். அந்த வருடத்து ஈஸ்டரைக் கண்டுபிடித்து எண்ண வேண்டும். இதற்கென்றே நாட்காட்டிக் கணக்கிகள் இணையத்தில் இருக்கின்றன.

வயது ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு மாதிரி

ஒரு வருட வித்தியாசம் என்றால் 1865 குடிக்கணக்கைச் சந்தேகப்படுங்கள். அதில் எழுதியது நடக்கிற வயது, அதாவது நம்மூரில் ‘பதினெட்டு நடக்குது’ என்பது. 1866 இலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு. எங்கள் ஆளுக்குப் பதினெட்டு, ஆகவே 1848. கல்லறையில் இருந்த 1847 என்ற ஆண்டு, அவருடைய பிள்ளைகள் கூட்டிக் கழித்து வெட்டியது.

1875 இல் பிறந்த ஆண்டையே எழுதினார்கள். 1910 இல் முழுத் தேதி. பெயர் வாரியான கணக்குகள் 1801, 1865, 1875, 1891, 1900, 1910, 1920. 1885 பட்டணங்களுக்கு மட்டும். நூறு வருடம் பூட்டி வைப்பதால் 1930 கணக்கு 2030 டிசம்பரில்தான் வரும்.

1865 தாளைத் திறந்தவர்கள் வலது ஓரத்தையும் பாருங்கள். வீட்டில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதைத்தார்கள் என்று இருக்கும். எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு பசு, நாலு செம்மறி, கால் பீப்பாய் பார்லி, இரண்டு பீப்பாய் உருளைக்கிழங்கு. வீட்டில் எட்டுப் பேர். அவன் ஏன் போனான் என்று மருமகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கப்பல் கிடைக்கவில்லை

அவர் கப்பலேறிய வருடத்தைப் பொறுத்து மருந்து வேறு.

1860 களின் கடைசிக்குப் பிறகு போனவர் என்றால் பொலிஸ் வைத்திருந்த வெளியேறுவோர் பதிவேடு இருக்கும். ஒஸ்லோவிலும் துரொண்ட்ஹைமிலும் 1867 இலிருந்து, பேர்கனில் 1874 இலிருந்து. பெயர், வயது, வந்த ஊர், போகும் இடம், கப்பல் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதில் ‘அஞ்ஜெலோ’, ‘தாஸ்ஸோ’ போன்ற கப்பல் பெயரைப் பார்த்துவிட்டு நியூயோர்க் பட்டியலில் அதைத் தேடினால் காலம் முழுக்கத் தேடலாம். அவை வில்சன் லைன் கப்பல்கள், இங்கிலாந்தின் ஹல் துறைமுகம் வரை மட்டும் போனவை. ஹல்லில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கே கூனார்ட் அல்லது ஒயிட் ஸ்டார் போன்ற கம்பனியின் பெருங்கப்பலில் ஏறினார்கள். ஆகவே நோர்வேத் தேதியிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளி, கப்பல் பெயரைக் கொடுக்காமல் ஆளைத் தேடுங்கள். நோர்வேயிலிருந்து நேரே ஓடிய நோர்வீஜிய அமெரிக்கக் கம்பனியின் முதல் கப்பல் 1913 இல்தான் புறப்பட்டது.

1850 க்கும் 1860 களின் கடைசிக்கும் இடையில் போனவர் என்றால் நியூயோர்க்கை விட்டுவிட்டு கியூபெக்கைப் பாருங்கள். 1849 இல் பிரித்தானியா கப்பல் சட்டத்தைத் தளர்த்தியதும் நோர்வேப் பாய்க்கப்பல்களுக்கு நல்ல வியாபாரம் கிடைத்தது. போகும்போது ஆட்கள், திரும்பும்போது கனடா மரம். அதனால் டிக்கெட் மலிவு, ஆட்கள் எல்லாம் அந்த வழி. ஆனால் கியூபெக் பயணிகள் பட்டியல்கள் 1865 இலிருந்துதான் இருக்கின்றன. அதற்கு முந்தியவர் என்றால் கப்பலுக்காக இருட்டில் துழாவாமல் அடுத்த சுவருக்குப் போங்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் இரண்டு சாத்தியம். கிழக்கு எல்லைப் பக்கத்துக்காரர் சுவீடனின் கோதன்பேர்க்கில் ஏறியிருக்கலாம். கரையோர ஊர்ப் பையன் கப்பல் வேலைக்குப் போய் நியூயோர்க்கில் இறங்கி, திரும்பிக் கப்பலுக்கு வராமல் விட்டிருக்கலாம். அவனுக்குப் பயணிகள் பட்டியல் ஏது? மாலுமிகள் பதிவேட்டில் ‘ஓடிவிட்டான்’ என்று ஒரு குறிப்பு இருக்கும்.

1865 இல் வீட்டில் இருக்கிறான், 1875 இல் இல்லை

செத்தானா, வேறு பண்ணைக்குப் போனானா, அமெரிக்கா போனானா? பங்குப் பதிவேட்டின் கடைசிப் பகுதியில் ‘வெளியேறியவர்கள்’ என்று சில பக்கம் இருக்கும். ஊரை விட்டுப் போகிறவர் போதகரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், அவர் அதைக் குறித்துக்கொள்வார். எங்கள் ஆளை அங்கேதான் பிடித்தேன்: 1869 ஏப்ரல், பெயர், வயது, ‘அமெரிக்கா’. மேலும் கீழும் அதே பண்ணையைச் சேர்ந்த இன்னும் நாலு பேர், ஒரே நாளில்.

அந்த நாலு பேரையும் எழுதி வையுங்கள். தனியாக யாரும் போனதில்லை.

அமெரிக்காவில் இறங்கியவனை அதற்குப் பிறகு காணோம்

அந்த நாலு பேரைத் தேடுங்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து போனவர்கள் அங்கேயும் ஒரே கவுண்டியில் பக்கத்துப் பக்கத்தில் குடியேறினார்கள், ஒரே கோயிலில் சேர்ந்தார்கள். உங்கள் ஆளின் பெயர் மாறிப்போயிருந்தாலும் அயலார் ஒருவராவது பழைய பெயரோடு இருப்பார். விஸ்கொன்சினில் சில வருடம், பிறகு மினசோட்டா, பிறகு டக்கோட்டா என்று கூட்டமாக மேற்கே நகர்ந்தவர்கள் பலர்.

அமெரிக்காவின் 1890 குடிக்கணக்கு 1921 தீவிபத்தோடு பெரும்பாலும் அழிந்துவிட்டது, அதைத் தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். மினசோட்டா என்றால் 1885, 1895 மாநிலக் கணக்குகள் அந்த இடைவெளியை நிரப்பும். அமெரிக்காவின் 1900 கணக்கில் வந்திறங்கிய ஆண்டும் இருக்கும். 1862 சட்டப்படி 160 ஏக்கர் அரசுக் காணி எடுத்தவர் என்றால் ஐந்து வருடம் குடியிருந்ததற்கான கோப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். குடியுரிமைப் பத்திரம், அயலார் சாட்சியம், என்ன வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார் என்பதெல்லாம் அதில் உண்டு. சாட்சி சொன்ன அயலார் பெயரை வெளியேறியவர் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். எங்களுக்கு இரண்டு பெயர் பொருந்தியது.

ஆள் திரும்பி வந்திருக்கவும் கூடும். நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் திரும்பினார்கள். 1910 நோர்வேக் கணக்கு, அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்களைத் தனியாக விசாரித்திருக்கிறது.

இரண்டு பக்கமும் பூட்டு, ஒன்றும் திறக்கவில்லை

ஊரில் தங்கிய தாய் தகப்பன் எப்போது செத்தார்கள் என்று பாருங்கள். செத்தால் சொத்துப் பங்கீட்டுப் பதிவு இருக்கும், குடிசைக்காரனுக்கும் சிலவேளை இருக்கும். வாரிசு எல்லோரையும் வரிசையாக எழுத வேண்டும், கடல் கடந்தவர்கள் உட்பட.

எங்கள் ஆளின் தகப்பனுடைய பதிவு ஒரு பக்கம்தான். பசு ஒன்று, பானை, இரும்புச் சட்டி, ஒரு பெட்டகம், கடன் போக மிஞ்சியது கொஞ்சம். கீழே வாரிசுகள். மகன், மினசோட்டாவில், நமக்குத் தெரிந்தவன். அவனுக்குக் கீழே, மினசோட்டாவில் யாருமே கேள்விப்படாத ஒரு மகள், ‘அமெரிக்காவில், இருப்பிடம் தெரியாது’.

மருமகள் இப்போது அவளைத் தேடுகிறாள். கையில் இருப்பது முதற்பெயரும், பிறந்த ஆண்டும், பங்கும்.